எல்லோரும் குடைக்கு வந்துவிட வேண்டும்

எங்கள் அண்ணியோடு சினிமாவுக்குப் போவதென்றால், படத்தின் தொடக்கம் நமக்குக் கிடையாது என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். போனோமா, உட்கார்ந்தோமா என்று இருக்கிற ஆள் இல்லை அவர். முதலில் அரங்கத்தைச் சுற்றி ஒரு நடை. பச்சை எழுத்து எரிகிற கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். ஒருமுறை அப்படி ஒரு கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அண்ணன், நான், அண்ணன் மகள் வாலு மூவரும் சோளப்பொரியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்க, அண்ணி வெளியே மேனேஜரைப் பிடித்துக்கொண்டார்.

"டிக்கெட் இல்லாம ஆளுங்க அந்த வழியா உள்ள வந்துடறாங்கம்மா. அதான் பூட்டிட்டோம்."

"உள்ள வரதுக்குப் பூட்டுங்க, வேணாங்கல. நான் வெளிய எப்படிப் போறது? சாவி யார்கிட்ட இருக்கு, அவர் இப்போ எங்க இருக்கார், அத மட்டும் சொல்லுங்க. நான் பாட்டுக்குப் போய் படம் பாக்கறேன்."

சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்து சங்கிலியைக் கழற்றும்வரை அண்ணி கதவை விட்டு நகரவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து, "இவங்க ரெண்டு பேரும் எப்போ லவ் பண்ணாங்க?" என்று என் காதில் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோளப்பொரியை நீட்டினேன்.

அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கண்ணாடி ஆன்ட்டி. வேனில் கம்பெனி கொடுத்த கண்ணாடிகள் போதாதென்று அவரே வாங்கி மாட்டியவை வேறு. ஒன்று பின்சீட்டைப் பார்க்க, ஒன்று ஏறும் படியைப் பார்க்க, ஒன்று எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டியை எடுக்கும் முன் சுற்றி வந்து, குனிந்து அடியில் ஒரு பார்வை பார்ப்பார். பூனைக்குட்டி, உருண்டோடிய பந்து, பந்தை எடுக்கப் போன பிள்ளை, எது வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம் என்பது அவர் கணக்கு. மழை கொட்டினாலும் அந்தச் சுற்று உண்டு.

அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டதுதான் எங்கள் தலையெழுத்து. சாவி, கதவுக்கு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மணி அடித்தால் கதவுத் துளை வழியாகப் பார்க்காமல் திறக்கக் கூடாது. போனில் தெரியாத குரல் "வீட்ல யாரு இருக்கீங்க?" என்று கேட்டால், வீடு நிறைய ஆள் இருப்பதாகச் சொல்ல வேண்டும். வாலு ஒருமுறை "எங்க வீட்ல நாப்பது பேர் இருக்கோம்" என்று சொல்லிவிட்டாள். பேசியவர் கடன் அட்டை விற்கிறவராம். நாற்பது பேருக்கும் விற்கலாமே என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கேலி செய்யலாம், செய்திருக்கிறோம். ஆனால் மருந்துக்கடை விஷயத்துக்குப் பிறகு என் கேலியின் சுருதி கொஞ்சம் இறங்கியது. பொழுது சாயும் நேரம், அண்ணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். பின்னால் ஓர் ஆள். அண்ணி சாலையைக் கடந்தால் அவனும் கடக்கிறான். அண்ணி கடைக் கண்ணாடியைப் பார்க்க நின்றால் அவனும் நின்று செருப்பைச் சரிசெய்கிறான். நானாக இருந்தால் வீட்டுக்கு ஓட்டம் பிடித்திருப்பேன். அண்ணி எங்கள் தெரு முனையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப்போய், விளக்கு வெளிச்சமாக எரிந்த மருந்துக்கடைக்குள் ஏறிவிட்டார். கடைக்காரரிடம் நேராகவே சொன்னாராம்: "என் பின்னாடி ஒருத்தர் வந்துட்டிருக்கார். எங்க வீட்டு ஆளுங்க வர வரைக்கும் நான் இங்க நிக்கறேன்."

அன்று அண்ணனுக்கு மாலையிலும் வேலை இருந்தது; போன் வந்ததும் பேக்கரியிலிருந்து அப்படியே ஓடிவந்தார். கையெல்லாம் மாவு. கையில் சப்பாத்திக் கட்டை மாதிரி, ஆனால் அதைவிட மூன்று மடங்கு பெரிய உருளை. அண்ணன் மாவு பிசைகிறவர். அவர் தோள்களைப் பார்த்தாலே ரொட்டிகூடத் தானாக உப்பிவிடும். அந்த ஆள் எந்தச் சந்தில் மறைந்தான் என்றே தெரியவில்லை.

"பயந்துட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு தம்பி. ஆடற காலோட போய் அவனுக்கு நம்ம வீட்ட காட்டவா முடியும்?"

அதற்குப் பிறகுதான், தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்கிற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை தொடங்கியது. நாங்கள் இருப்பது ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில். முன்பக்கம் எல்லோரும் புழங்கும் படிக்கட்டு. அதன் அடியில், தரைத்தளச் சுவரில், எல்லா வீட்டு மின்சார மீட்டர்களும் வரிசையாக இருக்கும். பின்பக்கம் சுவரை ஒட்டி ஓர் இரும்புப் படி. மொட்டை மாடியிலிருந்து தரைவரை இறங்கும் அந்தப் படியை யாரும் படியாக நினைத்ததே இல்லை. துடைப்பம், உடைந்த நாற்காலி, காலிப் பெயிண்ட் டப்பா எல்லாம் வைக்கும் பரணாகத்தான் நினைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் எங்கள் மாடி வளைவில் ஒரு பழைய வாஷிங் மெஷினையே நிறுத்தி வைத்திருந்தார்.

அண்ணி அவர் வீட்டு மணியை அடித்தார். மறுநாளும் அடித்தார். அவர் "பாக்கலாம்" என்றார். "எப்போ பாக்கலாம்?" என்றார் அண்ணி. கடைசியில் ஒருநாள் காலை அண்ணனையும் என்னையும் கூட்டிப்போய், வாஷிங் மெஷினைத் தூக்கிக் கீழே கொண்டுபோய், எதிர்வீட்டுக்காரரின் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மனிதருக்கு எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. மாடியில் எதிரே வந்தால் தன் கூண்டுக் கிளியோடு மட்டும் பேசிக்கொண்டு போவார்.

படி காலியானதும் அண்ணி சட்டம் போட்டார். சாப்பாட்டு மேசையில் தண்ணீர் டம்ளர்களை வைத்து விளக்கினார். ஏதாவது நடந்தால், அவரவர் எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து எந்தப் படியில் புகை இல்லையோ அந்தப் படியில் இறங்க வேண்டும். ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு வீட்டுக்குள் அலையக் கூடாது. இறங்கினவர்கள் நேராக எதிர்ப்பக்கம் பழக்காரர் குடைக்கு வந்துவிட வேண்டும். குடையில் யாராவது குறைந்தால் தீயணைப்புக்காரர்களிடம் சொல்ல வேண்டும்.

"மறுபடி மட்டும் யாரும் உள்ள போகக்கூடாது. எதுக்காகவும், யாருக்காகவும்" என்றார்.

"என் டெடிக்காக?" என்றாள் வாலு.

"போகக்கூடாது."

"உனக்காக?"

"எனக்காகவும்தான்டி. நான் குடைக்கு வந்துடுவேன். நீ அங்க உக்காந்திரு, போதும்."

பழக்காரர் குடை என்றால் எங்கள் பகுதியில் தெரியாதவர் கிடையாது. சிவப்பும் மஞ்சளுமாக, தள்ளுவண்டியையே மூடுகிற அளவுக்குப் பெரிய குடை. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, வங்கிச் சுவரை ஒட்டி நிற்கும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் எனக்கும் சேர்ந்து விடுமுறை கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மாதம் ஒரு ஞாயிறு காலை அண்ணி கரண்டியால் தட்டைத் தட்டுவார். தூக்கக் கலக்கத்தில் இரும்புப் படியில் தடதடவென்று இறங்கி, தெருவைக் கடந்து குடையடியில் போய் நிற்போம். பழக்காரர் சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஓர் ஆரஞ்சு கொடுப்பார். வாலு ஆரஞ்சுக்காகவே முதலில் வருவாள். அண்ணன் எப்போதும் கடைசி. தெருவே எங்களை வேடிக்கை பார்த்தது. மானம் போகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்கினேன், ஆனால் இறங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் என் மொபைல் ரிப்பேர் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தேன். அண்ணன் விடியுமுன்பே வேலைக்குப் போய் வந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். வாலு மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போயிருந்தாள். வாயில் ஒரு கவளம் வைத்திருப்பேன். கீழே எதுவோ டப்பென்று வெடித்தது. மின்விசிறி நின்றது.

"கரண்ட் போச்சு" என்றேன்.

அண்ணி ஈரக்கையோடு வந்து மூக்கை உறிஞ்சினார். "இல்ல தம்பி. ஒயர் எரியுது."

கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தார். மெல்ல ஒரு விரல் அளவு திறந்தார். கறுப்புப் புகை குபுகுபுவென்று உள்ளே வந்தது. கீழே மீட்டர் பலகையில் தீ. படிக்கட்டு முழுக்கப் புகை ஏறிக்கொண்டிருந்தது. அண்ணி கதவைச் சாத்தி, கையில் இருந்த ஈரத் துணியை அடியில் திணித்தார். எனக்குப் பயத்தோடு சேர்த்து ஒரு வெறி மாதிரி உற்சாகமும் வந்தது, அதை மறைப்பானேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக மானம் போக இறங்கியதெல்லாம் இந்த நிமிஷத்துக்குத்தான் என்று உடம்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

"அண்ணன எழுப்பு."

எழுப்புவதா? அவரைப் புரட்டினேன், உலுக்கினேன், காலைப் பிடித்து இழுத்தேன். கடைசியில் அண்ணி வந்து தட்டைக் காதருகே வைத்துக் கரண்டியால் அடித்தார். அண்ணன் கண்ணைத் திறக்காமலே எழுந்து இரும்புப் படிப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

பின்கதவைத் திறந்து படிக்கு வந்தோம். படி காலியாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஒரு கையில் மனைவியையும் இன்னொரு கையில் கிளிக்கூண்டையும் பிடித்துக்கொண்டு, வாஷிங் மெஷின் நின்ற இடத்தைத் தாண்டி எங்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். மேலே, மொட்டை மாடிப் பக்கம், முன்படிக்கட்டின் புகை வெளியேறிச் சுவரோரமாக வழிந்து இரும்புப் படியின் மேல்பகுதியை மறைத்துக்கொண்டிருந்தது.

அண்ணி மேலே பார்த்துப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பதில் இல்லை. இன்னொரு முறை கத்தினார். ஒரு காலை மேல்படியில் வைத்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, காலை எடுத்தார்.

"புகைய அவதான் மொதல்ல பாத்திருப்பா. எறங்கியிருப்பா. குடைக்குப் போயிருப்பா" என்று எங்களுக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டு இறங்கினார். அப்படி ஓர் இறக்கத்தை எந்த ஒத்திகையிலும் நாங்கள் இறங்கியதில்லை. இரும்பு கிடுகிடுவென்று ஆடியது.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். கூட்டம் கூடிவிட்டது. யாரோ தீயணைப்புக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். தெருவைக் கடந்து வங்கிச் சுவருக்குப் போனோம்.

சுவர்தான் இருந்தது. வாலு இல்லை.

அண்ணி சுவரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மொட்டை மாடியைப் பார்த்தார். கைப்பிடிச் சுவருக்கு மேல் கறுப்பாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கொடியில் வாலுவின் சீருடைகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நொடி அண்ணி தெருவின் பாதியில் இருந்தார். நான் பாய்ந்துபோய் இடுப்பைச் சேர்த்துக் கட்டிப்பிடித்தேன்.

"விடு தம்பி."

"உள்ள போகக்கூடாது அண்ணி."

"விடுடா."

என்னை அவர் டா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. வேன் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி உரமேறிய கைகள் அவருடையவை. என்னை இழுத்துக்கொண்டே வாசல்வரை நகர்ந்தார்.

"நீங்கதான அண்ணி சட்டம் போட்டீங்க? யாருக்காகவும் போகக்கூடாதுன்னு?"

"அது உங்களுக்குப் போட்டதுடா. எனக்கில்ல."

சொல்லிவிட்டு என் முன்கையைக் கடித்தார். விளையாட்டுக் கடி இல்லை. உயிர் போனது. நான் விடவில்லை. விட்டால் அந்தக் கறுப்புக்குள் போய்விடுவார் என்று நிச்சயமாகத் தெரிந்தது. போனால் மேலே ஏறிச் சேரமாட்டார் என்றும் தெரிந்தது. ஆனால் மேலே வாலு இருந்தால்? நான் யாரைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறேன், யாரை விட்டுக்கொண்டிருக்கிறேன்? அழுதேவிட்டேன். அழுதுகொண்டே பிடித்திருந்தேன்.

அப்போதுதான் அண்ணன் வந்து சேர்ந்தார். பனியனோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, வங்கிச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். இன்னும் பாதித் தூக்கம்.

"குடை எங்க?" என்றார்.

"இப்போ குடையாங்க முக்கியம்?" என்று அண்ணி அலறினார்.

எனக்குச் சுளீரென்றது. குடை எங்கே?

மதியம் ஆகிவிட்டால் வங்கிச் சுவரில் வெயில் விழும். பழக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு முனை திரும்பி, பக்கத்துத் தெருவில் நிழலுக்குப் போய்விடுவார். தினமும் போகிறவர்தான். அண்ணன் தினமும் வேலை முடிந்து வரும்போது அங்கேதான் வாழைப்பழம் வாங்குகிறார். வேனில் போகும்போது அண்ணி அங்கேதான் அவருக்குக் கையசைக்கிறார். தெரியாதவர் யாருமில்லை. ஆனால் நாங்கள் ஒத்திகை பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்கள் கால்கள் காலை நேரத்துக் குடைக்கு ஓடிவந்து நின்றிருந்தன. இத்தனை கண்ணாடி மாட்டிய அண்ணி, நகருகிற வண்டியைப் போய் அடையாளமாக வைத்திருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் தலையாட்டியிருக்கிறோம்.

"அண்ணா, இவங்கள பிடி" என்று அண்ணியை அவர் கையில் தள்ளிவிட்டு ஓடினேன். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியிலிருந்து மாவு கூடத் தப்பியதில்லை.

முனை திரும்பினேன். சிவப்பும் மஞ்சளுமாகக் குடை விரிந்திருந்தது. அதனடியில் கவிழ்த்த பழப்பெட்டியின் மேல், மடியில் ஒரு குவியல் துணியோடு, வாலு உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ லேட்டு சித்தப்பா" என்றாள். கண் சிவந்திருந்தது. கோபமாம்.

நான் அவளைத் துணியோடு அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினேன். பழக்காரரும் பின்னால் வந்தார். "வந்ததுலருந்து அப்படியே உக்காந்திருக்கு தம்பி. வாசலுக்குப் போய்ப் பாக்கலாமான்னு கேட்டேன். இங்கதான் உக்காரணும், எங்கம்மா வருவாங்கன்னு சொல்லுச்சு" என்றார்.

அண்ணி பெண்ணைப் பார்த்த காட்சியை எழுத எனக்குத் தெரியாது. நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். வாலுவின் முகம், கை, முட்டி, பாதம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தீயணைப்பு வண்டி வந்து, ஹாரன் அடித்து, எங்களை ஒதுக்கிவிட்டுத்தான் வாசலுக்குப் போக முடிந்தது. தீ மீட்டர் பலகையோடு நின்றது. படிக்கட்டுச் சுவர் உச்சிவரை கரியாகிப் போனது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, என் கை தவிர.

எதிர்வீட்டுக்காரர் கூண்டோடு வந்து அண்ணிக்கு முன்னால் நின்றார். ஏதோ சொல்ல வந்தார். கிளிதான் "பாக்கலாம், பாக்கலாம்" என்றது. அண்ணி அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

கொஞ்சம் ஆசுவாசமானதும் அண்ணி வாலுவின் தலையைக் கோதிக்கொண்டே கேட்டார். "எங்கள தேடி உள்ள போகணும்னு தோணலியாடி?"

"தோணுச்சு. ரொம்பத் தோணுச்சு" என்றாள் வாலு. "நீதான் போகக்கூடாதுன்னு சொன்ன. நீயும் போகமாட்டல்ல, அதான் உக்காந்திருந்தேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பல் பதிந்த இடம் நன்றாக வீங்கியிருந்தது. நான் சட்டைக் கையை இறக்கி மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஒத்திகை இல்லை என்றார் அண்ணி. மதியம் வெயில் ஏறியதும் தட்டைத் தட்டினார். எல்லோரையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, பழையபடி டம்ளர்களை எடுத்தார். கூடும் இடம் இனி வங்கிச் சுவரோரத்து விளக்குக் கம்பம். பகலோ ராத்திரியோ, அது எங்கேயும் போகாது. பழக்காரரிடம் சொல்லிவிட்டாயிற்று. மனிதர் மனம் உடைந்துபோனாராம்.

"உள்ள போகக்கூடாதுங்கறது?" என்றாள் வாலு.

"அது அப்படியேதான் இருக்கு. எல்லாருக்கும்" என்றார் அண்ணி. எல்லாருக்கும் என்ற சொல்லைச் சொல்லும்போது தலை நிமிரவில்லை.

பிறகு அண்ணனும் வாலுவும் எழுந்து போனதும், டம்ளர்களை அடுக்கிக்கொண்டே என்னை நிறுத்தினார்.

"தம்பி, உனக்கு மட்டும் ஒரு வேலை கூட இருக்கு. அவ வரலன்னா நான் போவேன். இத்தன வருஷமா வண்டி அடியில குனிஞ்சு பாக்கறேனே, என்னை நான் பாக்கவே இல்ல. அதனால நீ எங்க நின்னாலும் என் பக்கத்துலயே நில்லு. என்னைப் பிடிச்சுக்கறதுதான் உன் வேலை. நான் என்ன சொன்னாலும் விட்டுடாத."

"கடிச்சா?"

"கடிச்சாலும்" என்றார் அண்ணி. பிறகு உள்ளே போய் மருந்து டப்பாவை எடுத்துவந்து, என் சட்டைக் கையை மடித்துவிட்டார்.